இறுகிப்போன பழைய மைக்ரோமீட்டரை உடைக்காமல் திறப்பது: முழுமையான வழிகாட்டி

மதுரையில் காயலான் கடைகளின் குவியலைக் கிளறினால் எப்போதாவது ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மரை திருகி நுண்ணிய அளவு பார்க்கும் கருவி, கையில் தட்டுப்படும். மூடிய மில்லின் மெயின்டனன்ஸ் ஷெட்டிலிருந்தோ, கைமாறிய லேத் பட்டறையிலிருந்தோ வந்திருக்கும். ஃப்ரேம் முழுக்கத் துரு, கையால் சுற்றும் உருளையான திம்பிள் அசையாது, கடைக்காரர் எடைக்குத்தான் விலை சொல்வார். அதில் பாதிக்கு மேல் பிழைக்கக் கூடியவை. பிழைக்காமல் போவதற்குத் துருவை விடப் பெரிய காரணம், வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் பைப் ரெஞ்சை எடுப்பதுதான்.

இங்கே சொல்வது 0–25 மி.மீ. அல்லது 0–1 இஞ்ச் வெளி அளவு மைக்ரோமீட்டரை வைத்து. பெரிய அளவுகளுக்கும் டெப்த் மைக்ரோமீட்டருக்கும் இதே முறைதான். டயல் கேஜ் வேறு சாதி. அதன் உள்ளே பல்சக்கரமும் மயிரிழை ஸ்பிரிங்கும் இருப்பதால் எண்ணெயில் ஊறவே விடக்கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

முன்னும் பின்னும் நகர்ந்து பொருளைத் தொடும் தண்டுதான் ஸ்பிண்டில். அதன் முன்பாதி வழவழப்பாகக் கிரைண்ட் செய்தது. பெரும்பாலும் 6.35 மி.மீ., அதாவது கால் இஞ்ச் விட்டம். அது ஃப்ரேமின் துளைக்குள் சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் ஓடுகிறது. பின்பாதியில் மரை. மெட்ரிக் என்றால் 0.5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்), திம்பிளில் 50 கோடு. இஞ்ச் என்றால் இஞ்சுக்கு 40 மரை, திம்பிளில் 25 கோடு. பழைய மில் சாமான்களில் வருவது பெரும்பாலும் இஞ்ச் அளவுதான். மரை ஓடும் நட்டில் நீளவாக்கில் வெட்டு இருக்கும். அதன் மேல் சரிவான மரையில் ஓர் அட்ஜஸ்ட்டிங் நட். அதை இறுக்கினால் வெட்டு நெருங்கி மரையின் ஆட்டம் குறையும், தளர்த்தினால் விரியும். திம்பிள், ஸ்பிண்டிலின் பின்முனையிலுள்ள டேப்பரில் (கூம்பு போலச் சரிந்த பகுதி) உட்கார்ந்திருக்கும். அளவாக இறுகியதும் கிளிக் என்று நழுவும் பின்குமிழ்தான் ராட்செட். அதன் திருகு திம்பிளை முன்பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும்.

இரும்பு துருவாகும்போது இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்புகிறது. சில மைக்ரான் இடைவெளிக்குள் அது உப்பினால் ஆப்பு அடித்த மாதிரி. அதனால்தான் வெளியே லேசான துரு தெரிந்தாலும் உள்ளே கல்லாக நிற்கிறது.

எங்கே இறுகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

முதல் சந்தேகம், ஸ்பிண்டிலை அசையாமல் பிடிக்கும் லாக் மேல். லாக் போட்ட நிலையிலேயே பெட்டியில் வைத்து, அப்படியே துருப்பிடித்தவை நிறைய. ஸ்பிண்டில் துருவால் நிற்கிறது என்று நினைத்து நாள் கணக்கில் போராடுவார்கள். சின்ன லிவரை எதிர்ப்பக்கம் தள்ளியதும் விட்டுவிடும். லிவர் வகையா, சொரசொரப்பான வளைய வகையா என்று பாருங்கள். வளையம் என்றால் அது ஃப்ரேமோடு ஒட்டி வெறும் அலங்காரப் பட்டை போலத் தெரியும், ஏமாறாதீர்கள்.

அடுத்து, ஸ்பிண்டில் ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் இரண்டிலும் படும்படி பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திம்பிளைக் கையால் மிதமாகத் திருப்புங்கள். திம்பிள் சுற்றியும் கோடு உடையவில்லை என்றால் டேப்பர் வழுக்குகிறது, ஸ்பிண்டில் அசையவே இல்லை என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள். திம்பிளும் அசையவில்லை என்றால் துளை, மரை, திம்பிளுக்கும் அதனுள் நிற்கும் கோடு போட்ட குழாயான ஸ்லீவுக்கும் நடுவே உள்ள சந்து ஆகிய மூன்றில் ஒன்று அல்லது மூன்றுமே.

ராட்செட்டைப் பிடித்துத் திருகிப் பார்ப்பது பயனில்லை. முன்பக்கம் திருப்பினால் கிளிக் என்று நழுவும். பின்பக்கம் பலமாகத் திருப்பினால் ராட்செட்டே கழன்று வரும்.

தேவையான சாமான்கள்

மண்ணெண்ணெய். கிடைக்காவிட்டால் டீசல் அல்லது பெயிண்ட் கடை டர்பன்டைன் அரை லிட்டர். பழைய டூத் பிரஷ் இரண்டு, பனியன் வேஸ்ட், ஷேவிங் பிளேடு, உலோகப் பாலிஷ், சைக்கிள் டியூப் துண்டு, ஊசியோடு 2 மி.லி. சிரிஞ்ச், ஹேர் டிரையர், மைக்ரோமீட்டரோடு வரும் சின்ன சி ஸ்பேனர். பெட்டி இல்லாமல் வாங்கியிருந்தால் ஸ்பேனர் இருக்காது. 1.5 மி.மீ. தகட்டில் அரத்தால் ஒன்றை வெட்டிக்கொள்ளலாம். கொக்கி முனை துளைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் துளையின் ஓரம் சிதையும். கடைசியாக, ஒரு தென்னை விளக்குமாற்றிலிருந்து பத்து ஈர்க்குச்சி.

ஊடுருவும் எண்ணெய்க்குக் கடையில் விற்கும் ஸ்பிரே போதும். டபிள்யூடி-40 துருவை நனைக்கும், ஆனால் இவ்வளவு குறுகிய சந்துக்கு அதை விடச் சிறந்தது, பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்) ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவை. 20 மி.லி. வீதம் கண்ணாடிச் சீசாவில் கலந்தால் ஒரு மைக்ரோமீட்டருக்குத் தாராளம். இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுக்க வேண்டும். அசிட்டோன் ஃப்ரேமின் பெயிண்டைக் கரைக்கும், சிரிஞ்சின் ரப்பரை உப்ப வைக்கும். பெயிண்ட் நன்றாக இருக்கும் பீஸுக்கு வெறும் ஏடிஎஃப், இரண்டு நாள் கூடுதல் பொறுமை.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசினாகும். புளியும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, ஆனால் புளியின் அமிலம் எஃகை அரித்து அளவுக் கோடுகளை மங்க வைக்கும்.

படி 1: வெளியே தெரியும் ஸ்பிண்டில்

பலர் தாண்டிப் போகும் படி இது. திம்பிளைப் பின்னால் திருப்பும்போது ஸ்பிண்டிலின் வெளிப்பகுதி ஃப்ரேமின் துளைக்குள் போகிறது. அதில் துரு இருந்தால் அந்தத் துருவையே துளைக்குள் இழுத்து அடைக்கிறீர்கள். அரை மி.மீ. நகர்ந்து மறுபடி இறுகுவது இதனால்தான். பூஜ்யத்தில் மூடிக் கிடந்த பீஸ் என்றால் ஸ்பிண்டில் முழு நீளமும் வெளியே, வேலை அதிகம்.

மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு முழு மைக்ரோமீட்டரையும் கழுவித் துடையுங்கள். ஸ்பிண்டிலில் எண்ணெய் விட்டு, ஷேவிங் பிளேடை ஏறக்குறையப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். மேடாக நிற்கும் துரு பொடியாக உதிரும். பிளேடு கிரைண்ட் செய்த எஃகைக் கீறாது, குத்திட்டுப் பிடித்தால் தவிர. பிறகு பனியன் துணியில் உலோகப் பாலிஷ் தொட்டு, தண்டைச் சுற்றிலும் தேயுங்கள். எமரி ஷீட் எந்த நம்பரிலும் வேண்டாம். கரும்புள்ளிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டக்கூடாது, பள்ளம் இருக்கலாம். முடிந்ததும் பாலிஷை முழுவதும் கழுவி எடுங்கள். மிச்சம் இருந்தால் துளைக்குள் போய்த் தேய்க்கும்.

ஸ்பிண்டிலின் முகமும் எதிரே ஃப்ரேமில் நிலையாக நிற்கும் ஆன்வில் முகமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அந்தச் சந்தில் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். இடையில் பிளேடு நுழைத்து நெம்பாதீர்கள். முகத்தில் மிகக் கடினமான கார்பைடுத் துண்டு வைத்த மாடல் என்றால் ஓரம் தெறித்துவிடும்.

படி 2: லாக்

லிவர் வகையில் லிவரின் அடியிலும் அது நுழையும் துளையிலும் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் விரலால் மட்டும் இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் லிவரின் கழுத்து ஒடியும். வளைய வகைக்கு வளையத்தின் இரு ஓரங்களிலும் எண்ணெய். பிறகு சைக்கிள் டியூப் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துத் திருப்புங்கள். பிளையர் பட்டால் சொரசொரப்பு நசுங்கி ஆயுளுக்கும் தழும்பு.

படி 3: திம்பிளை முதலில் கழற்றுங்கள்

ஸ்பிண்டில் நகர்ந்த பிறகுதான் திம்பிளைக் கழற்ற வேண்டும் என்று நினைப்பது வழக்கம். தலைகீழாகச் செய்வதே சுலபம். ஸ்பிண்டில் இறுகி நிற்பதால் அது சுற்றாது, எனவே ராட்செட்டைக் கழற்றுவது எளிது. ராட்செட்டின் துளையில் சி ஸ்பேனரை மாட்டி, திம்பிளை ரப்பரால் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். வராவிட்டால் எண்ணெய் விட்டு அரை நாள் காத்திருங்கள்.

ராட்செட் வந்ததும் திம்பிளின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். டேப்பர் விடும்போது சத்தம் மாறும். இறுகிய ஓசை போய், உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை கேட்கும். பிறகு திம்பிளைப் பின்பக்கமாக இழுத்தெடுக்கலாம். ஸ்பிண்டிலின் பின்முனையில் நேராக அடிக்கவே கூடாது. அந்த அடி முழுவதும் மரைப் பற்களில் விழும்.

சில பழைய மாடல்களில் திம்பிளும் ஸ்பிண்டிலும் ஒரே துண்டு, பிரியாது. ராட்செட் இல்லாமல் மொழுக்கென்ற பின்மூடி இருந்து அது அசையவே மறுத்தால், இந்தப் படியை விட்டுவிட்டுத் திம்பிளின் முன்சந்து வழியாகவே எண்ணெய் விடுங்கள்.

திம்பிள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அட்ஜஸ்ட்டிங் நட்டும் அதனடியில் வெட்டுள்ள நட்டும் கண்ணெதிரே இருக்கும். அட்ஜஸ்ட்டிங் நட் இப்போது நிற்கும் இடத்தை ஊசியால் ஒரு கோடு கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். வெட்டு விரியும், மரையின் பிடி தளரும். மரையில்தான் சிக்கல் என்றால் பல நேரம் இங்கேயே விடுதலை.

படி 4: எண்ணெயும் சூடும்

மைக்ரோமீட்டரைப் பின்முனை மேலே பார்க்க நிறுத்தி, நட்டின் வெட்டுகளில் மூன்று நான்கு சொட்டு விடுங்கள். ஒரு நாள் கழித்துத் திருப்பி நிறுத்தி, ஸ்பிண்டில் ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் அதே அளவு. இப்படி மாறி மாறி நான்கு நாள். எண்ணெய்த் தொட்டியில் முழுக்கப் போட்டு வைப்பதை விட இது மேல். காற்றுக்குமிழி சந்துக்குள் அடைத்து நிற்காமல், எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறங்கும்.

மறுமுனையில் சிவந்த எண்ணெய் பழுப்பாகக் கசிந்தால் வழி திறந்துவிட்டது. அதுவரை திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

சூடு எண்ணெய்க்குத் துணை, ஆனால் எல்லை உண்டு. ஸ்பிண்டில் கடினப்படுத்திய எஃகு. 150 டிகிரியைத் தாண்டினால் கடினம் குறையத் தொடங்கும். கேஸ் அடுப்பு, பிரேஸிங் டார்ச் எதுவும் அருகில் வரக்கூடாது. ஹேர் டிரையரால் ஃப்ரேமின் துளைப் பகுதியை மட்டும் மூன்று நான்கு நிமிடம் சூடாக்குங்கள். விரலை இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு போதும், ஏறக்குறைய 60 டிகிரி. அதே நேரம் வெளியே தெரியும் ஸ்பிண்டிலில் பிளாஸ்டிக் கவரில் கட்டிய ஐஸ் துண்டைச் சாய்த்து வையுங்கள். 6.35 மி.மீ. துளைக்கும் தண்டுக்கும் 40 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் இடைவெளி சுமார் 3 மைக்ரான் கூடும். கேட்க அற்பம், ஆனால் இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரத்தின் மேல் வைப்பதும் பயன்தான், ஆனால் வேறு வகையில். எல்லாம் ஒரே சூட்டில் விரிவதால் இடைவெளி அதிகமாகாது. எண்ணெய் நீர்த்துப் பகலில் பரவும், இரவில் குளிரும்போது உள்ளே இழுபடும். அவ்வளவுதான்.

அசிட்டோன் கலவை விட்ட பீஸின் மேல் ஹேர் டிரையர் போடக்கூடாது. உள்ளே சிவந்து கனலும் கம்பி இருக்கிறது, தீ பிடிக்கும். சூடு காட்டும் நாளில் வெறும் ஏடிஎஃப். அதுவும் டிரையரை அணைத்த பிறகே சொட்டு.

படி 5: முதல் அசைவு

ஃப்ரேமின் லாட வடிவக் கைகளை வைஸில் நசுக்காதீர்கள், வளைந்துவிடும். ஒரு மரக்கட்டையில் பள்ளம் வெட்டி ஃப்ரேமின் தடித்த பகுதியை மட்டும் அதில் பிடியுங்கள். திம்பிளைத் திரும்ப மாட்டி, ராட்செட்டை மிதமாக இறுக்குங்கள். ரப்பர் சுற்றி, கை பலத்தால் மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள்.

முதலில் ஒரு கோடு நகரும். அங்கேதான் கவனம் வேண்டும். விட்டதே என்று ஒரே திருப்பாகத் திருப்பினால் உடைந்த துருப்பொடி மரைக்கும் நட்டுக்கும் நடுவே உருண்டு மறுபடி பூட்டும். இந்தப் பூட்டு பழையதை விட மோசம், பற்களையே பிராண்டிவிடும். ஒரு கோடு முன்னே, ஒரு கோடு பின்னே, ஒரு சொட்டு எண்ணெய். பிறகு இரண்டு கோடு. கருத்த பசை வெளியே வரும், துடையுங்கள். கால் சுற்று வந்ததும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய். ஒரு முழுச் சுற்றுக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். சுற்று தாராளமானதும் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் ஸ்பிண்டில் முழுவதும் கையில் வந்துவிடும்.

படி 6: சுத்தம்

மரையில் கம்பி பிரஷ் படக்கூடாது. டூத் பிரஷ், மண்ணெண்ணெய். பள்ளத்தில் ஒட்டிய துருவுக்கு ஈர்க்குச்சியின் முனையைச் சீவி, மரை ஓடும் வழியிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். எஃகு ஊசி பல்லைக் கீறும், ஈர்க்குச்சி கீறாது. நட்டின் உட்புறத்துக்கு ஈர்க்குச்சியில் நூல் சுற்றி மண்ணெண்ணெய் நனைத்து, பத்துப் பன்னிரண்டு முறை. நூல் வெள்ளையாக வரும்வரை. மரையில் உலோகப் பாலிஷ் போடுவது கூடவே கூடாது. அது மரையைத் தேய்த்து ஆட்டத்தைக் கூட்டும், அப்புறம் எந்த நட்டாலும் சரி செய்ய முடியாது.

துரு அடர்ந்த ஃப்ரேமுக்கு ஒரு கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் சிட்ரிக் ஆசிட், 84 கிராம் சமையல் சோடா. சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், இல்லையேல் பொங்கி வாளிக்கு வெளியே போகும். நுரை அடங்கியதும் அமிலத்தின் வீரியம் பெரும்பாலும் அடங்கி, துருவைப் பிடித்திழுக்கும் குணம் மிஞ்சும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஸ்பிண்டிலை இதில் போட வேண்டாம். ஃப்ரேமின் ஆன்வில் முகத்தில் கார்பைடு இருந்தால் அந்த முனையும் நனையக்கூடாது, கார்பைடு மணிகளைப் பிணைக்கும் கோபால்ட் அரிக்கப்படும். எடுத்ததும் வெந்நீரில் கழுவி, உடனே துடைத்து, டிரையரால் உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் செம்மண் பூத்தது போல் புதுத் துரு வரும்.

படி 7: பூட்டுவதும் பூஜ்யமும்

மரையில் தையல் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு. கிரீஸ் வேண்டாம். அட்ஜஸ்ட்டிங் நட்டைக் குறித்த கோட்டுக்குக் கொண்டுவந்து, முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள். ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக்கூடாது, சுற்றினால் எங்கும் கனக்கக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் கனத்தால் அங்கே துரு மிச்சம், நட்டைத் தளர்த்திச் சமாளிக்காதீர்கள்.

முகங்களுக்கு நடுவே வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்ல இழுத்துத் துடைத்து, ராட்செட்டில் மூன்று கிளிக். பூஜ்யம் ஒரு கோட்டுக்குள் தவறினால் ஸ்லீவைச் சி ஸ்பேனரால் திருப்பிச் சரி செய்யலாம். அதற்கு மேல் என்றால் ராட்செட்டைத் தளர்த்தித் திம்பிளையே மாற்றி உட்கார வைக்க வேண்டும். திம்பிளைக் கழற்றிப் பூட்டியதால் இந்த இரண்டாவதுதான் பெரும்பாலும் தேவைப்படும்.

பூஜ்யம் சரியென்றால் கருவி சரியென்று ஆகாது. துரு தின்ற மரை நடுவில் பொய் சொல்லும். கப்பலூர், புதூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால் கேஜ் பிளாக் (துல்லிய அளவுள்ள கட்டை) கேட்டு 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25 மி.மீ. ஆகிய பத்து அளவுகளில் பாருங்கள். இந்த விசித்திர எண்களுக்குக் காரணம் உண்டு. மெட்ரிக் திம்பிள் இவற்றில் ஐந்து வெவ்வேறு கோணங்களில் நிற்கும், அதனால் ஒரு சுற்றுக்குள் ஒளிந்திருக்கும் பிழையும் வெளிப்படும். 5, 10, 15 என்று மட்டும் பார்த்தால் திம்பிள் எப்போதும் பூஜ்யக் கோட்டிலேயே நிற்கும். நல்ல மைக்ரோமீட்டருக்கு 4 மைக்ரானுக்குள் பிழை இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரும் பிளாக்கும் ஒரே மேசையில் ஒரு மணி நேரமாவது கிடந்த பிறகு பாருங்கள். உள்ளங்கைச் சூடே அளவை மாற்றும். 25 மி.மீ. எஃகு 10 டிகிரிக்கு ஏறக்குறைய 3 மைக்ரான் நீளும்.

பத்து மைக்ரான் வரை தவறினால் லேத்தில் ரஃப் அளவு பார்க்க வைத்துக்கொள்ளலாம். முகத்தின் ஓரத்தில் துருக்குழி இருந்தால் பரவாயில்லை, நடுவில் இருந்து அதன் விளிம்பு மேடாக நின்றால் லாப்பிங் (முகத்தை நுண்தூளால் தேய்த்துச் சமப்படுத்துவது) தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஃப்ரேம் வளைந்ததும், மரைப் பல் உதிர்ந்ததும் உதிரிப் பாகத்துக்கு மட்டும். அந்த ராட்செட்டும் லாக்கும் இன்னொரு பீஸுக்கு உதவும்.

வைக்கும்போது முகங்களுக்கு நடுவே ஒரு மி.மீ. இடைவெளி, லாக் திறந்தபடி. வெல்வெட் ஒட்டிய பழைய பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதில் திரும்ப வைக்காமல் துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் இருமுறை எடுத்து, வியர்வை படாத துணியால் துடைத்து, ஸ்பிண்டிலை ஒருமுறை முழு நீளத்துக்கு ஓட்டிவிட்டு, பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று டப்பா மூடியின் உட்புறத்தில் எழுதிவையுங்கள்.